வாதி ரம்ல ஒரு பகல், முடிவுல நட்சத்திரம்: நாள் குறிக்கறதுல இருந்து ராத்திரி திரும்பற வரைக்கும்

ஜோர்டான்ல வாதி ரம் பாலைவனத்துக்கு போகணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா டிக்கெட் ரேட் பாக்கறதுக்கு முன்னாடி வீட்டுல சுவத்துல தொங்கற தினசரி காலண்டர எடுங்க. அமாவாசை என்னைக்குன்னு பாருங்க. இந்த ட்ரிப்ல மத்த எல்லாத்தையும் கடைசி நேரத்துல மாத்திக்கலாம், ஜீப்ப மாத்தலாம், கைட மாத்தலாம், சாப்பாட்ட மாத்தலாம், ஆனா நிலாவ ஒண்ணும் பண்ண முடியாது.

நாங்க மொத தடவ போனப்போ இதை யாரும் எங்களுக்கு சொல்லல. லீவு கிடைச்ச நாள்ல புக் பண்ணிட்டோம், போய் பாத்தா பௌர்ணமிக்கு மறுநாள். ராத்திரி மணல் எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருந்துச்சு, அதுவும் ஒரு அழகுதான், ஆனா நட்சத்திரம்னு பாத்தா எங்க ஊர் மொட்டை மாடில தெரியறத விட கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கேம்ப்காரங்களும் புக்கிங் அப்போ ஒரு வார்த்த சொல்லல. ரெண்டாவது தடவ மார்ச் மாசம், அமாவாசை அன்னைக்கே, அம்மாவயும் கூட்டிட்டு போனோம். ரெண்டும் ஒரே இடம்னு சொன்னா நம்ப முடியாது.

அதனால நாள் கணக்க கொஞ்சம் விரிவாவே சொல்றேன். இது பகல்ல சுத்திட்டு ராத்திரி பத்து பதினோரு மணிக்குள்ள கிராமத்துக்கு திரும்பற ட்ரிப். அப்போ உங்களுக்கு வேண்டியது ராத்திரி ஏழு மணில இருந்து பத்து மணி வரைக்கும் நிலா இல்லாத வானம். பௌர்ணமிக்கு அப்புறம் நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் லேட்டா உதிக்கும், தேய்பிறை அஷ்டமி வரும்போது நடுராத்திரி ஆயிடும். அதனால தேய்பிறை சஷ்டி, சப்தமில இருந்தே உங்களுக்கு நல்ல நாள் ஆரம்பம். அங்கிருந்து அமாவாசை தாண்டி வளர்பிறை திருதியை வரைக்கும் தைரியமா போலாம், ஏன்னா மூணாம் பிறை சீக்கிரமே மேற்க இறங்கிடும். வளர்பிறை பஞ்சமிக்கு மேல போனா நிலா சாயங்காலமே தலைக்கு மேல நிக்கும், அந்த நாட்கள விட்டுடுங்க. அங்க கைடுங்க எல்லாம் பெதுயீன், அதாவது பாலைவனத்து அரபு பழங்குடிங்க, அவங்களுக்கும் இந்த கணக்கு கைவசம், அவங்க ஹிஜ்ரி மாசமே பிறை பாத்து ஓடறதுதான, அதனால வாட்ஸப்ல பேசும்போது "ஹிஜ்ரி மாசக் கடைசில வரோம்"னு ஒரு வார்த்த சொன்னா டக்குனு புரிஞ்சுக்குவாங்க. ஒண்ணு மட்டும், ரமலான் மாசக் கடைசி அமாவாசைன்னா மறுநாளோ அதுக்கு மறுநாளோ பெருநாள், அப்போ அவங்க குடும்பத்தோட இருக்கணும், அந்த அமாவாசைய விட்டுட்டு வேற மாசம் பாருங்க.

மாசம் எதுன்னு கேட்டா மார்ச், ஏப்ரல், இல்ல அக்டோபர். வெயில் காலத்துல பகல் 35 டிகிரி தாண்டும், திறந்த ஜீப்ல நாள் முழுக்க உக்கார வயசானவங்களால முடியாது. டிசம்பர், ஜனவரில பகல் சுகமா இருக்கும், ஆனா ராத்திரி பூஜ்யத்துக்கு பக்கத்துல போயிடும். இதுல வானத்தோட கணக்கும் ஒண்ணு இருக்கு. பால்வீதியோட நடு மையம், அந்த போட்டோல எல்லாம் மேகம் மாதிரி தடிமனா தெரியுமே, அது ராத்திரி சாப்பிடற நேரத்துல தெற்க தெரியணும்னா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் போகணும். ஜூன்ல சூரியன் மறையவே 7:40 ஆயிடும், முழு இருட்டு வர ஒன்பதே கால், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. மார்ச்ல அந்த மையம் சாயங்காலம் கிடைக்காது. ஆனா நம்ம பஞ்சாங்கத்துல பேர் கேட்டு வளந்த நட்சத்திரங்கள்ல நெறைய ஒரே ராத்திரில கிடைக்கும். எனக்கு மார்ச்தான் உசத்தி. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

புக் பண்றப்போ என்ன கேக்கணும்

வாதி ரம் பாதுகாக்கப்பட்ட பகுதி, 74,000 ஹெக்டேர், 2011ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க, இயற்கை, பண்பாடு ரெண்டு காரணத்துக்காகவும் சேத்தாங்க, அந்த மாதிரி ரெண்டுக்கும் சேத்து கிடைக்கறது அபூர்வம். உள்ள ரம் கிராமத்துல இருக்கறவங்க பெரும்பாலும் ஸலாபியா பெதுயீன்கள், டூர் நடத்தறதும் அவங்கதான். இந்த பக்கம் டீஸின்னு ஒரு கிராமம் இருக்கு, பாதுகாப்பு எல்லைக்கு வெளிய, அங்க கண்ணாடி கூண்டு மாதிரி கேம்ப்ங்க நெறைய இருக்கு, பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா நட்சத்திரத்துக்காக போறீங்கன்னா வேண்டாம். லைட்டு ஜாஸ்தி. ரம் கிராமத்துல இருந்து தெற்க நல்லா உள்ள தள்ளி கூட்டிட்டு போற கைடா பாருங்க.

மெசேஜ்ல இதெல்லாம் தெளிவா கேட்டுடுங்க: ரேட் ஜீப்புக்கா ஆளுக்கா, ஜீப்ல நாங்க மட்டுமா இல்ல வேற ஆளுங்களும் சேருவாங்களா, மதிய சாப்பாடு, ராத்திரி சாப்பாடு, தண்ணி எல்லாம் அதுலயே அடங்குமா, இருட்டினதுக்கு அப்புறம் எந்த இடத்துல நிறுத்துவீங்க, அங்கிருந்து தெற்கு அடிவானம் திறந்து தெரியுமா, எத்தன மணிக்கு திருப்பி விடுவீங்க. கடைசியா, இதுதான் முக்கியம், "சாப்பிட்ட இடத்துலயே லைட்டு போட்டுட்டு நட்சத்திரம் காட்டுவீங்களா, இல்ல கேம்ப் வெளிச்சம் தெரியாத இடத்துக்கு கூட்டிட்டு போவீங்களா"ன்னு கேளுங்க. பாதி பேர் ஸ்டார்கேஸிங்னு போட்டிருப்பாங்க, போனா கேம்ப்ஃபயர் பக்கத்துல பாயைப் போட்டு "மேல பாருங்க"ன்னு சொல்லுவாங்க. நெருப்ப பாத்துட்டு வானத்த பாத்தா ஒண்ணும் தெரியாது. கேம்ப்ல இருந்து பத்து நிமிஷம் ஓட்டிட்டு போய் ஒரு பாறைக்கு பின்னாடி நிறுத்தறேன்னு சொல்றவர பிடிங்க, ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல.

சைவமா இருந்தா அதையும் இப்பவே சொல்லிடுங்க. ராத்திரி சாப்பாடு ஸர்ப்னு ஒண்ணு, மணல்ல குழி தோண்டி அடில கங்கு போட்டு, அடுக்கு அடுக்கான கம்பித் தட்டுல கறி, கோழி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாம் வெச்சு உள்ள இறக்கி மூடி, மேல மணல் தள்ளி ரெண்டு மணி நேரம் விட்டுடுவாங்க. காய்கறி கீழ் தட்டுல இருந்தா மேல இருக்கற கறியோட கொழுப்பு அதுமேல சொட்டிட்டே இருக்கும். "காய் மட்டும் மேல் தட்டுல, இல்லன்னா தனியா மூடி வைங்க"ன்னு முன்னாடியே சொன்னா அழகா செஞ்சு குடுப்பாங்க. வந்து இறங்கினப்புறம் சொன்னா குழிய மூடியாச்சு.

போய் சேர்றது பெரிய விஷயம் இல்ல. அகபா, தெற்க இருக்கற துறைமுக ஊர், அங்கிருந்து 60 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பாறைய குடைஞ்சு கட்டின பழைய நகரம் பெட்ரா, அங்கிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம், அம்மான்ல இருந்து நாலு மணி நேரம். வாசல்ல விசிட்டர் சென்டர்ல ஆளுக்கு 5 தினார் நுழைவு, ஜோர்டான் பாஸ் வெச்சிருந்தா அதுலயே அடக்கம். அந்த பாஸ் 70 தினார்ல ஆரம்பிக்குது, பெட்ரா நுழைவும் அதுல வந்துடும், நாட்டுல குறைஞ்சது 3 ராத்திரி தங்கினா விசா கட்டணமும் கிடையாது, பெட்ராவும் பாக்கறவங்களுக்கு கண்ண மூடிட்டு வாங்கலாம். பணத்த அகபாவுலயே எடுத்து வெச்சுக்கோங்க, உள்ள எல்லாம் கைக்காசுதான். பாத்ரூமும் விசிட்டர் சென்டர்லயே போயிட்டு வந்துடுங்க, அடுத்தது கேம்ப்லதான்.

பையில என்னென்னன்னா, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி, மூக்கு வாய மூடற மாதிரி ஒரு காட்டன் துண்டு, தொப்பி, சன்ஸ்க்ரீன், மூடின ஷூ. மார்ச்சா இருந்தாலும் ஒரு கனமான ஜாக்கெட், குல்லா, கம்பளி சாக்ஸ். பகல்ல இதெல்லாம் எதுக்குன்னு தோணும், அம்மா கூட ஜாக்கெட்ட கார்லயே வெச்சுட்டு வரேன்னாங்க, நல்லவேளை விடல. மணலுக்கு சூட்ட பிடிச்சு வெச்சுக்க தெரியாது, காத்துல ஈரமும் இல்ல, மேகமும் இல்ல, சூரியன் போன ஒரு மணி நேரத்துல சூடு முழுக்க மேல போயிடும். டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடித்தாள் நாலு மடிப்பா ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துட்டு போங்க, பத்து ரூபா செலவு, ராத்திரில அதோட மதிப்பு தெரியும். டிரோனும் பைனாகுலரும் எடுத்துட்டு போகாதீங்க, ஜோர்டான் ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல பிடிச்சு வெச்சுக்க வாய்ப்பு இருக்கு.

பகல்

ஜீப்னா டொயோட்டா பிக்கப்தான், பின்னாடி ரெண்டு பெஞ்சு போட்டு மெத்தை விரிச்சு மேல ஒரு துணிக்கூரை. முட்டி வலி இருக்கறவங்கள டிரைவர் பக்கத்து சீட்ல உக்கார வைங்க. ஏறும்போது டிரைவர் கைய பிடிச்சுக்கோங்க, அந்த படி உயரம்.

கூட்டிட்டு போற இடங்கள் எல்லா கைடுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். லாரன்ஸ் ஊத்துன்னு ஒரு இடம், செம்மண் மணல் மேடு, கஸாலி பள்ளத்தாக்கு, உம் ஃப்ருத் கல் பாலம், அங்கங்க பாறை எழுத்து. எட்டு பத்து ஸ்டாப் போட்ட லிஸ்ட் குடுப்பாங்க. நான் சொல்றது, அஞ்சுக்கு மேல வேண்டாம்னு சொல்லிடுங்க. ஓடி ஓடி பாத்தா சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஆள் அசந்து போயிடுவோம், ராத்திரி கண்ண திறந்து வெச்சிருக்கணும்ல.

விடக்கூடாதது கஸாலி. ஒரு பெரிய மலைல கத்தியால கீறின மாதிரி ஒரு வெடிப்பு, ரெண்டு பேர் எதிர எதிர வந்தா ஒட்டி நின்னுதான் போகணும், வெளிய கொளுத்தற வெயில்ல இருந்து உள்ள காலெடுத்து வெச்ச உடனே உடம்பு குளிரும். சுவத்துல ஆளுங்க, மான் மாதிரி மிருகங்க, ஜோடி ஜோடியா பாதம் எல்லாம் கொத்தி வெச்சிருக்காங்க, நடுவுல தமுதிக் எழுத்து, அரேபியாவோட பழங்கால எழுத்து அது. அந்த பாதங்கள்ல ஒண்ணு அம்மாவோட உள்ளங்கை அளவுதான், குழந்தையோடதா இருக்கும்னு அம்மா சொன்னாங்க. கைய கிட்ட கொண்டு போனாங்க, தொடல. நீங்களும் தொடாதீங்க, கை வேர்வைலயும் எண்ணெய்லயும் அந்த மணல்கல் உதிரும். இந்த பகுதி முழுக்க இந்த மாதிரி 25,000 பாறைச் செதுக்கலும் 20,000 எழுத்துப் பொறிப்பும் இருக்கு, மனுஷன் இங்க 12,000 வருஷமா இருந்துட்டு வரான்னு யுனெஸ்கோ சொல்லுது. அதுல எத்தன பேர் ராத்திரி மல்லாந்து படுத்து இதே வானத்த பாத்திருப்பாங்க.

உம் ஃப்ருத் பாலம் மேல கயிறு இல்லாம ஏறலாம், உயரம் ஏறக்குறைய 15 மீட்டர், ஏறுறத விட இறங்கறதுதான் கஷ்டம், கைட் கால் வைக்கற இடத்துலயே நீங்களும் வைங்க. மணல் மேட்டுல ஷூவ கழட்டிட்டு ஏறுங்க. அந்த செவப்பு இரும்போட துரு, கைல எடுத்து பாத்தா ஒவ்வொரு மணலுக்கும் மேல தோல் மாதிரி ஒட்டியிருக்கும்.

மதியம் ஒரு பாறை நிழல்ல நிறுத்தி கைடே சமைப்பார். தக்காளி, வெங்காயம், பூண்டு, பச்ச மிளகா, ஆலிவ் எண்ணெய், இத சுள்ளி நெருப்புல சுண்ட சுண்ட வதக்கறாங்க, பேரு கலாயத் பந்தோரா, அப்படியே நம்ம தக்காளித் தொக்குதான், ரொட்டியோட சாப்பிட்டா அம்மாவுக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு. அப்புறம் மரமியான்னு ஒரு இலை போட்டு நல்லா இனிப்பா டீ. ஏலக்காய் போட்ட அரபிக் காபி குடுத்தா, போதும்னு நெனச்சா கப்ப லேசா ஆட்டி திருப்பி குடுங்க, சும்மா நீட்டினா திரும்ப ஊத்திடுவாங்க. சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் அங்கயே தூங்குங்க. கட்டாயம் தூங்குங்க.

சூரியன் இறங்கினதுக்கு அப்புறம்

மார்ச் நடுவுல சூரியன் 6:45 போல மறையும், அக்டோபர் நடுவுல 6:05 போல. எல்லா ஜீப்பும் ஒரே பாறைக்கு போய் நிக்கும், கைட்கிட்ட சொல்லி கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. மேற்க பாத்துட்டே இருக்காம ஒரு தடவ கிழக்க திரும்பி பாருங்க, அடிவானத்துல நீலமா ஒரு பட்டை மெல்ல எழும்பும், அதுக்கு மேல ரோஸ் நிறம். அந்த நீலம் பூமியோட நிழல். நெறைய பேர் முதுக காட்டிட்டு நிக்கறதால அத பாக்கறதே இல்ல.

உடனே கேம்புக்கு போய் சாப்பிட்டுடுங்க. முழு இருட்டு வர சூரியன் மறைஞ்சு ஒண்ணே கால் மணி நேரம் ஆகும், ஸர்ப் குழிய திறக்கறதுக்கு சரியா இருக்கும். வயிறு முட்ட சாப்பிடாதீங்க, படுத்துட்டு மேல பாக்கணும். சாப்பிட்டு முடிச்ச கையோட போன ஆஃப் பண்ணி பைக்குள்ள போடுங்க. ஆஃப்னா ஆஃப். கண்ணு இருட்டுக்கு பழக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், ஒரே ஒரு வாட்ஸப் மெசேஜ் பாத்தா அந்த அரை மணி நேரம் வீண், மறுபடியும் மொதல்ல இருந்து. கூட வந்தவங்க எல்லாரும் ஒத்துக்கணும், ஒருத்தர் டார்ச் அடிச்சாலும் அத்தன பேருக்கும் போச்சு. போட்டோ எடுக்கறவங்க இருந்தா மொத பத்து நிமிஷத்துல, கண்ணு பழகறதுக்கு முன்னாடியே எடுத்து முடிச்சுட சொல்லுங்க. போன கல்லு மேல சாத்தி நைட் மோட்ல டைமர் போட்டா போதும். ஜீப்ல இருந்து இறங்கி பாய் போடற இடத்துக்கு நடக்கும்போது மட்டும் சிவப்பு டார்ச்ச தரைல அடிச்சு பாத்து நடங்க, வெறும் கால்ல வேண்டாம், தேளும் பாம்பும் இருக்கற மணல் அது.

இப்போ மார்ச் மாச வரிசை. எட்டு மணி தாண்டின உடனே தெற்க பாருங்க, அடிவானத்த ஒட்டி, கைய நீட்டி முஷ்டி பிடிச்சா ஒரு முஷ்டி உயரம் கூட இல்லாத இடத்துல ஒரு பெரிய நட்சத்திரம் மினுக்கும். அது நம்ம அகத்தியர். அரபில சுஹைல். நம்ம ஊர்ல நல்லா மேல ஏறி நிப்பார், வாதி ரம் வடக்க தள்ளி 29 டிகிரிக்கு மேல இருக்கறதால இங்க எட்டு டிகிரிய கூட தொட மாட்டார், மலை மறைச்சா போச்சு, அதுக்குத்தான் தெற்கு திறந்த இடமான்னு மொதல்லயே கேக்க சொன்னேன். ஆகஸ்ட் கடைசில விடியற்காலைல சுஹைல் தெரிஞ்சா வெயில் காலம் முடியுதுன்னு அரபு நாடுகள்ல இன்னைக்கும் எதிர்பாத்துட்டு இருப்பாங்க. கடல்ல போறவங்களுக்கும் பாலைவனத்துல போறவங்களுக்கும் தெற்கு காட்டினவர் அவர்தான்.

அப்படியே வடக்க திரும்புங்க. துருவ நட்சத்திரம் சென்னைல அடிவானத்துல இருந்து 13 டிகிரிதான், கட்டடத்துக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், கன்னியாகுமரில எட்டு. இங்க மூணு முஷ்டி உயரத்துல தனியா நிக்கும். அப்புறம் மேற்க, கார்த்திகை, கொத்தா. நம்ம ஊர்ல ஆறுன்னு எண்ணுவோம், இங்க எனக்கு ஒன்பது தெரிஞ்சுது. எங்க கைட் அத துரய்யான்னு சொன்னார், பக்கத்துல செவப்பா இருக்கற ரோகிணிய தபரான்னு சொன்னார், பின்னாடி வர்றவன்னு அர்த்தமாம், துரய்யா பின்னாடியே வர்றவன். நம்ம பஞ்சாங்கத்துலயும் கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணிதான. உலகம் முழுக்க ஆல்டெபரான்னு சொல்றது இந்த அரபு பேரத்தான். அவர் ஒரு பேர் சொல்ல அம்மா ஒரு பேர் சொல்ல, நடுவுல நான் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சொல்லிட்டு இருந்தேன். ரோகிணிக்கு அப்புறம் திருவாதிரை, மூணு நட்சத்திர பெல்ட்டுக்கு மேல செவந்து இருக்கும், பெல்ட்டுக்கு கீழ கண்ண கொஞ்சம் ஓரமா வெச்சு பாத்தா புகை மாதிரி ஒரு பொட்டு தெரியும், அது நட்சத்திரம் பொறக்கற இடம். மங்கலானத நேரா பாக்கக் கூடாது, பக்கத்துல பாக்கணும், கண்ணோட ஓரத்துக்குத்தான் இருட்டுல பார்வ ஜாஸ்தி.

மேற்க அடிவானத்துல இருந்து கூம்பு மாதிரி மங்கலா ஒரு வெளிச்சம் மேல சாஞ்சு நிக்கும். நான் அத அகபா ஊர் வெளிச்சம்னுதான் நெனச்சேன், ஊர் வெளிச்சமும் அந்த பக்கத்துல தரையோட தரையா மஞ்சளா தெரியும். ஆனா இந்த கூம்பு வெள்ளையா கார்த்திகை வரைக்கும் ஏறியிருந்துச்சு. அது கிரகங்க சுத்தற தளத்துல மிதக்கற தூசு மேல சூரிய வெளிச்சம் படறது, வருஷத்துல இந்த மாசங்கள்ல சாயங்காலம் நல்லா தெரியும், ஊர்ப்பக்கம் பாக்கவே முடியாது.

ஒன்பது மணிக்கு வடகிழக்குல சப்தரிஷி எழும்பிடும். வால்ல நடு நட்சத்திரம் வசிஷ்டர், அவர ஒட்டி பொடியா அருந்ததி. அரபில அந்த பொடி நட்சத்திரத்துக்கு சுஹான்னு பேரு, கண் பார்வை சோதிக்க அத காட்டி கேப்பாங்களாம். அம்மா கண்ணாடிய கழட்டி துண்டு நுனில துடைச்சு திரும்ப போட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து வாசல்ல பட்டப்பகல்ல கைய காட்டி தெரியுதான்னு கேட்டாங்க, தெரியுதுன்னு சொல்லிட்டேன்டா, இப்பதான் பாக்கறேன்"னாங்க.

பத்து மணிக்கு கிளம்பறதுக்கு முன்னாடி பாய உதறி மடிங்க, ஷூவ தட்டி போடுங்க, குப்பைய எண்ணி எடுங்க, ஆரஞ்சு தோல் கூட விடாதீங்க, காஞ்ச மணல்ல அது மக்காது. திரும்பி வர்றப்போ ஜீப் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டுவாங்க, அது தேவையும் கூட, நீங்க பின்னாடி பெஞ்சுல வண்டி போற திசைக்கு முதுக காட்டி உக்காந்துக்கோங்க. கைட்கிட்ட துணிக்கூரைய சுருட்டி வைக்க சொன்னா செய்வார். போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டு தலைய சாச்சுக்கிட்டா கிராமத்து லைட்டு வர்ற வரைக்கும் இன்னொரு இருபது நிமிஷம் கிடைக்கும்.